சரிந்த கடலுக்குப் பதினேழு மார்க்

ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தேவகிருபை தையல் டீச்சராக இருந்தாள். தைத்ததைக் கொண்டுபோய் நீட்டினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். துணியைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பாள். "இங்க சுருக்கம் விழுந்திருக்கு. இங்க கோணல். பிரி" என்பாள். அந்தப் பெண் கண்ணைக் கசக்கினால், "அழாத. நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பினா நாளைக்கு ஊர் சிரிக்கும். இன்னைக்கே பிரிச்சிரலாம்லா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு முனையைப் பிரித்துக் கொடுப்பாள்.

அவள் அண்ணன் அருமைநாயகம் தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கருப்பட்டியும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். சின்ன வயதிலேயே அவரோடு வந்துவிட்டவள் அவள். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடிவரவில்லை. அது அண்ணனுக்குப் பெரிய கவலை. அவளுக்கு அவ்வளவாக இல்லை. ஐம்பத்தொன்றாம் வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய மடக்குக் கேமரா வாங்கிவந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த ஒரே கவலை, தான் எடுக்கிற படம் சரியா தப்பா என்பதுதான்.

அதைச் சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. அண்ணனிடம் காட்டினால் கல்லாவிலிருந்து நிமிராமல் "நல்லாத்தான இருக்கு" என்பார். பிலிம் கழுவிக் கொடுக்கிற ஸ்டூடியோக்காரர் எல்லாப் படத்துக்கும் "ஃபஸ்ட் கிளாஸ்" என்றார். மங்கிப்போன படத்துக்கும் அதே ஃபஸ்ட் கிளாஸ். வேதக்கோயிலில் பாதிரி ஐயர் பார்த்துவிட்டு, "கர்த்தருடைய சிருஷ்டிதான் எவ்வளவு அழகு!" என்றார். படத்தைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் ஜார்ஜ் டவுனில் புகைப்பட ரசிகர் சங்கம் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியவந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை கூடுவார்கள். அங்கத்தினர் கொண்டுவருகிற படங்களை ஒவ்வொன்றாகப் பலகையில் மாட்டி, நடுவர் அதன் நிறைகுறைகளை எல்லார் முன்னாலும் எடுத்துச்சொல்லி, இருபதுக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார். யார் எடுத்தது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது. படத்தின் பின்னால் எண் மட்டும்தான் இருக்கும். மார்க் போட்ட பிறகுதான் பெயரை அறிவிப்பார்கள். இதைக் கேட்டதும் தேவகிருபைக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. சந்தா கட்டிச் சேர்ந்தாள்.

முதல் கூட்டத்துக்கு அவள் கொண்டுபோனது, ராயபுரம் கரையில் கட்டுமரங்கள் ஏறுகிற படம். கூடத்தில் வக்கீல், டாக்டர், துறைமுக உத்தியோகஸ்தர் என்று நாற்பது பேர் இருந்தார்கள். பெண் அவள் ஒருத்திதான். தலைவர் கஜபதி ஓய்வுபெற்ற இன்ஜினீயர், அவரேதான் நடுவர். அவளுக்கு முந்தின படம் மண்ணடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ரஹீம் என்பவருடையது. துறைமுகச் சுவரும் அதற்கப்பால் கடலும். கஜபதி அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"கடல் என்பது என்ன? தண்ணீர். தண்ணீர் எங்கேயாவது சரிந்து நிற்குமா? இந்த அடிவானம் இடதுபக்கம் இறங்கியிருக்கிறது. சுவரின் நிழல் நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் அடிப்படையே கோணலாக இருக்கும்போது நிழலை வைத்து என்ன செய்வது? ஒன்பது."

தேவகிருபைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதுதான், இதற்குத்தான் வந்தோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து அவள் படம் ஏறியது. செயலாளர் எழுந்து, "இது நம் சங்கத்தின் முதல் பெண் அங்கத்தினர் எடுத்த படம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றார். எண் எதற்கு, ரகசியம் எதற்கு? எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"ஆஹா," என்றார் கஜபதி. "ஒரு சகோதரியின் கையில் கேமரா! நம் சமூகம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது! பதினேழு."

கைதட்டினார்கள். அவ்வளவுதான் விமரிசனம். கட்டுமரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அன்றைக்கு அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அதன் இன்னொரு பிரிண்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் திக்கென்றது. தையல்காரி கண்ணுக்குக் கோணல் தப்புமா? ஆனாலும் டேப்பை எடுத்து வைத்து அளந்தாள். ரஹீமின் கடல் சரிந்திருந்தது என்றால் அவளுடைய கடல் கவிழ்ந்தே போயிருந்தது. கட்டுமரமெல்லாம் வழுக்கி ஓரமாக வந்துவிடும் போலிருந்தது. அதே நடுவர், அதே பலகை. அவருக்கு ஒன்பது, இவளுக்குப் பதினேழு.

"பார்க்கவே இல்ல," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "படத்தை அவர் பார்க்கவே இல்ல."

அடுத்த மாதம் நல்ல படம் எதையும் எடுத்துப்போகவில்லை. கழித்துப்போட்ட படங்களிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தாள். பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பெண் கயிறு தாண்டும்போது எடுத்தது. கேமரா அசைந்து, கயிறு எது, கை எது என்று தெரியவில்லை. பாதித் தலை சட்டத்துக்கு மேலே போய்விட்டது. இதற்கு என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

செயலாளர் இந்தத் தடவையும் முதலிலேயே பெயரைச் சொல்லிவிட்டார். கஜபதி கண்ணை மூடித் திறந்தார். "ஒரு கனவு போல இருக்கிறது. இந்த மென்மை ஆண்களாகிய நமக்குக் கைவராது. இது தாய்மையின் கண். பதினாறு."

தேவகிருபை எழுந்து நின்றாள். "ஐயா, அது மென்மை இல்ல. கேமரா அசைஞ்சிட்டு. அந்தப் பிள்ளைக்குத் தலையே பாதிதான் இருக்கு."

கூடம் முழுவதும் சிரித்தது. கேலிச் சிரிப்பல்ல, செல்லச் சிரிப்பு. அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

"பார்த்தீர்களா, என்ன தன்னடக்கம்!" என்றார் கஜபதி. மறுபடியும் கைதட்டல்.

அதற்கு மேல் என்ன சொல்வது? குறையைச் சொன்னால் அதையும் குணமாக்கிவிட்டார்கள். வீட்டுக்கு நடந்துவரும் வழியெல்லாம் அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

அதே மாதத்தில்தான் அங்கம்மாவின் படம் கிடைத்தது. அங்கம்மா கரையோரக் குப்பத்துக்காரி. தெருத்தெருவாக மீன் விற்பவள். தேவகிருபை வீட்டுக்கும் அவள்தான் மீன் போடுவாள். ஒரு நாள் காலையில் கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது ஏலக்காரன் அங்கம்மாவின் கூடையைக் காலால் எத்திவிட்டான். மீன் எல்லாம் மணலில் சிதறியது. அங்கம்மா புடைவையை வரிந்து கட்டிக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "கூடை மேல கால வெக்கிறியா? அது என் சோத்துத் தட்டு! பொறுக்கிப் போடுடா, ஒண்ணொண்ணா பொறுக்கிப் போடு!" என்று அவள் கையோங்கிக் கத்திய அந்தக் கணத்தில் தேவகிருபை ஒரு படகின் பக்கத்திலிருந்து படம் எடுத்துவிட்டாள். திறந்த வாய், ஓங்கிய கை, காலடியில் மீன், பின்னால் பயந்து விலகுகிற கூட்டம். பிரிண்ட் கையில் வந்ததும் இது தான் எடுத்ததுதானா என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. டேப் வைத்துப் பார்த்தாள். கடல் நேராக இருந்தது.

மூன்றாவது கூட்டத்தில் அந்தப் படம் பலகையில் ஏறியது. கஜபதியின் முகம் சுருங்கியது.

"சகோதரி, இது என்ன?" என்றார். "இந்த மாதிரி காட்சிகள் பாமர ஜனங்களிடம் சகஜம். அதை ஒரு பெண், அதுவும் ஆசிரியை, நின்று படம் பிடிக்க வேண்டுமா? பூக்கள் இருக்கின்றன, குழந்தைகள் இருக்கிறார்கள். ஆறு."

"படத்துல என்ன குறை, ஐயா?"

"படத்தில் குறை என்று சொல்லவில்லை. ரசனையில் குறை."

"ரசனைய வீட்டுல போய் நான் பாத்துக்கிடுதேன். படத்துல என்ன குறைன்னு கேக்கேன். வெளிச்சமா? தூரமா? எங்க வெட்டணும், எங்க விடணும்? அதைச் சொல்லுங்க."

"அடுத்த படம்," என்றார் கஜபதி.

பதினேழும் படத்துக்குக் கிடைத்ததல்ல, ஆறும் படத்துக்குக் கிடைத்ததல்ல என்பது இப்போது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. அவள் புடைவை கட்டியிருந்ததற்கு ஒரு மார்க், அங்கம்மா வாய் திறந்ததற்கு ஒரு மார்க். படம் எங்கே?

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ரஹீம்.

"டீச்சரம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? அந்தப் படத்துல குறை ஒண்ணு கீது."

அவள் நின்றாள். மூன்று மாதமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை.

"ஏலக்காரன் முதுகு பாதிப் படத்த அடச்சிகினு நிக்குது. அவன் மூஞ்சி தெரியல. அந்தம்மா யாரப் பார்த்துக் கத்துதுன்னே தெரியாம போச்சு. நீங்க ரொம்ப தள்ளி, ஓரத்துல தெரியிற படகுக்குப் பக்கத்துல ஒதுங்கி நின்னுட்டீங்க. பயந்துகினு எடுத்த படம் அது."

"பயந்தா? நானா?" தேவகிருபைக்கு முகம் சிவந்துவிட்டது. "கடல் சரியாம ஒரு படம் எடுக்கத் தெரியாதவர் எனக்குச் சொல்ல வந்துட்டீயளோ!" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அங்கம்மா மீன் கொண்டுவந்தபோது வீட்டிலிருந்த இன்னொரு பிரிண்டை அவளிடம் காட்டினாள். அங்கம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"ஐயோ, இன்னா டீச்சரம்மா இது! வாயப் பொளந்துகினு கீறேன். பல்லு எல்லாம் தெரியுது."

"பிடிக்கலையா?"

"நல்லாத்தான் கீது. அந்தப் பேமானி மூஞ்சி எங்க? அவன் முதுவத்தானே காட்டிக்கீற." பிறகு, சங்கத்தில் இந்தப் படத்துக்கு இருபதுக்கு ஆறு போட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அங்கம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "ஆறா? என் வாய்க்கு ஆறு மார்க்கு போட அவன் யாரு? மீன் மணல்ல கொட்டுச்சே, அப்ப இவன் வந்தானா? அட்ரஸ் குடு டீச்சரம்மா, நான் போய்க் கேக்குறேன்."

தேவகிருபைக்கு அங்கம்மாவின் கோபத்தைவிட, முதுகைப் பற்றி அவள் சொன்னதுதான் உறைத்தது. படத்தை மறுபடி பார்த்தாள். ஏலக்காரனின் முதுகு சுவர் மாதிரி நின்றது. அவன் முகம் தெரிகிற பக்கத்துக்கு அன்றைக்குப் போயிருக்கலாம். அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் சொன்னது உண்மைதான். போகவிடாமல் தடுத்தது பயமேதான். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒப்புக்கொண்டாள்.

சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சி வந்தது. மாதக் கூட்டங்களுக்குக் கொடுத்த படங்களெல்லாம் கண்காட்சி முடியும்வரை சங்கத்திடமே இருக்கும். அங்கம்மா படத்தை வைப்பார்களோ என்று ஒரு சின்ன நப்பாசையோடு அவள் போனாள். கூடம் நிறையத் தோரணம். பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு வந்து நடந்துகொண்டிருந்தார்கள். நடுச்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பாதித் தலையோடு கயிறு தாண்டிக்கொண்டிருந்தது அவளுடைய பள்ளிக்கூடப் பெண். கீழே ஓர் அட்டை. "மென்மை" என்று அவர்களாகவே பெயர் வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே, "மகளிர் சிறப்புப் பரிசு". மேசைமேல் ஒரு வெள்ளிக் கப்.

மகளிர் பிரிவில் போட்டி போட்டது அவள் ஒருத்தி. அவளை அவளோடேயே போட்டியிட வைத்து, அவள் எறிந்த படத்தையே எடுத்து அவளுக்கே பரிசு!

"என் அங்கம்மா படம் எங்க?" என்று செயலாளரைக் கேட்டாள்.

அவர் பின்னறைப் பக்கம் கை காட்டினார். அங்கே போய்த் தேடினாள். பழைய துணிப் பதாகைகளுக்கு அடியில் கிடந்தது. யாரோ நாற்காலியை அதன் மேல் வைத்ததில் ஒரு மூலை மடங்கி வெடித்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, நடுச்சுவரிலிருந்த சட்டத்தை ஆணியோடு கழற்றினாள்.

"அம்மா! அம்மா! அது பரிசு வாங்கின படம்!" என்று செயலாளர் ஓடிவந்தார்.

"அதான் எடுக்கேன்."

கஜபதியும் வந்துவிட்டார். வந்திருந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். "சகோதரி, உங்களை நாங்கள் கௌரவிக்கிறோம்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"இது கௌரவம் இல்ல, ஐயா. மூணு வயசுப் பிள்ளை சுவத்துல கிறுக்கினா கைதட்டுவோம்லா, அது. வந்த நாள்லேருந்து கேக்கேன், என்ன குறைன்னு சொல்லுங்கன்னு. ஒரு வார்த்தை சொல்லல. இவருக்கு," என்று கூட்டத்தில் நின்ற ரஹீமைக் காட்டினாள், "கடல் சரிஞ்சிருக்குன்னு அவ்வளவு நேரம் சொன்னிய. அது மரியாதை. எனக்கு அந்த மரியாதை வேணும். முடியாதுன்னா சந்தாவ எதுக்கு வாங்கினிய?"

கஜபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெண்களைச் சேர்த்துக்கொண்டால் இப்படித்தான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அது அவள் காதில் விழுந்தது. சட்டத்தைத் திருப்பி, பின்பலகையை நெம்பி, படத்தை உருவி நாலாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சட்டத்தையும் கண்ணாடியையும் பத்திரமாகக் கப்புக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். மூலை வெடித்த அங்கம்மாவை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து ராயபுரம் பஸ்ஸைப் பிடித்தாள்.

செய்தி அவளுக்கு முன்னாலேயே அண்ணனை எட்டிவிட்டது. அருமைநாயகம் கடையை மூடிவிட்டு வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஊருல என்ன பேசுதாவன்னு தெரியுமாட்டி ஒனக்கு? பெரிய மனுசன் வெள்ளிக் கப்பு குடுத்தா வாங்கிட்டு வர வேண்டியதுதான?"

"அண்ணேன், கல்லு கலந்த வத்தலை ஒருத்தன் பார்க்காமலே நல்லாருக்குன்னு வாங்கிட்டுப் போனா, நீங்க சந்தோசப்படுவியளா?"

அருமைநாயகம் ஒரு நிமிஷம் யோசித்தார். "வித்தாச் சரிதானட்டி," என்றார்.

அந்த வாரம் முழுவதும் அவள் அண்ணனோடு பேசவில்லை. சோறு மட்டும் எடுத்துவைத்தாள்.

அண்ணனோடு மறுபடி பேச்சுத் தொடங்கிய பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் மண்ணடிக்குப் போய் ரஹீமின் கடையில் ஏறினாள். வாடிக்கையாளர் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க ஏன் ஒரு வார்த்தை பேசல?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

ரஹீம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அங்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு நம்ம கடையில கண்ணாடி போட்டவங்க, டீச்சரம்மா. பொழப்பு பேஜாரா பூடும்" என்றார்.

"கண்ணாடி போட்டும் அவங்களுக்கு ஒண்ணும் தெரியலையே! என்ன கண்ணாடி போட்டு விட்டிய?"

ரஹீம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் பேசாமல் நின்றதை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. சங்கத்தை விட்டு அவர் விலகவும் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன முதுகு விஷயம் சரி என்று சொல்லத்தான் வந்திருந்தாள். சொன்னாள். பிறகு, "இப்ப உங்க படத்தைக் காட்டுங்க" என்றாள். அவர் உள்ளே போய்க் கொண்டுவந்தார். துறைமுகச் சுவர், படிக்கட்டு, நிழல், மறுபடியும் படிக்கட்டு.

"இத்தனை படத்துல ஒரு மனுசன்கூட இல்லையே. ஆள் நடக்காத ஊரா இது? ஆள் வந்தா போகச் சொல்லிட்டு எடுப்பியளோ?"

ரஹீமின் முகம் தொங்கிப்போனது. உண்மையிலேயே அவர் ஆட்களைப் போகச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். "சுத்தமா இருக்கணும்னு..." என்று இழுத்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டார்கள். கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவர், கடையில் ஏதோ தகராறு என்று நினைத்து வாசலோடு திரும்பிவிட்டார்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கண் பரிசோதிக்க எழுத்துகள் மாட்டியிருக்கும் சுவரில் அந்த அட்டையைக் கழற்றிவிட்டுப் படத்தை மாட்டுவார்கள். எடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. மற்றவர் சொல்லி முடித்து மார்க் போட்ட பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். ரஹீமின் மனைவி உள்ளிருந்து டீ கொடுத்தனுப்புவாள். சில நாள் அவளும் வந்து நின்று ஒரு குறை சொல்லிவிட்டுப் போவாள்.

அடுத்த வருஷம் மீன் நிறைய விழுந்த ஒரு பருவத்தில் ஏலக்காரனுக்கும் அங்கம்மாவுக்கும் மறுபடி மூண்டது. இந்தத் தடவை தேவகிருபை படகுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. முழங்கால்வரை தண்ணீரில் இறங்கிச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். ஏலக்காரனின் முகமும் அங்கம்மாவின் முகமும் ஒன்றுக்கொன்று ஒரு சாண் தூரத்தில் இருந்தன. "ஏய், எவ அவ? இன்னாத்தப் புடிக்கிற?" என்று அவன் திரும்பிப் பாய்ந்தான். அவள் எடுத்துவிட்டாள். அவன் தள்ளியதில் விழுந்து, புடைவையெல்லாம் உப்புத் தண்ணீர். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்ததால் அது தப்பியது. "டீச்சரம்மா மேலயே கைய வெச்சிட்டியா?" என்று அங்கம்மா அவன் சட்டையைப் பிடித்தாள், குப்பத்துப் பெண்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அன்றைக்கு ஏலமே நடக்கவில்லை.

பிரிண்ட் உலர்ந்ததும் மண்ணடிக்கு எடுத்துப்போனாள். ரஹீம் அதைச் சுவரில் மாட்டிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"கிட்டப் பூட்டீங்க. மூஞ்சி ரெண்டும் நல்லா விழுந்துக்குது. அந்தாளு கண்ணுல வெறி தெரியுது. ஆனா அங்கம்மா கீழ நீட்டின கை மணிக்கட்டோட வெட்டுப்பட்டுப்போச்சு. கைதானே படம்? அது முழுசா வந்திருக்கணும். மேல வானம் சும்மா கெடக்குது, கேமராவ கொஞ்சம் எறக்கியிருந்தா கை கிடைச்சிருக்கும். பதிமூணு."

"பதிமூணா?" அவள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "அவன் என் மேல பாயுதான். நான் தண்ணியில நிக்கேன். எங்க போய் எறக்கச் சொல்லுதிய? பதினஞ்சுக்குக் குறைஞ்சா நான் ஒத்துக்கிட மாட்டேன்."

"தண்ணியில நின்னதுக்கு மார்க்கு கெடையாது, டீச்சரம்மா."

பேச்சு நீண்டது. பதிமூன்று பதிமூன்றாகவே நின்றது. அவள் படத்தைப் பிடுங்காத குறையாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளக்கூட இல்லாமல் இறங்கினாள். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். கை வெட்டுப்பட்டதைத் தான் எப்படிக் கவனிக்காமல் போனோம் என்று தன்னையும் திட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவள், "இன்னும் ரெண்டு பிலிம் ரோல் வாங்கணும், அண்ணேன். நாளைக்கு விடியக்காலம் கரைக்குப் போகணும்" என்றாள்.

"அந்த ஏலக்காரன்கிட்டயா? மறுபடியுமா?"

"மறுபடியும்தான். கை முழுசா வரணும்."

அருமைநாயகம் தலையில் அடித்துக்கொண்டு கடைப்பக்கம் போனார்.